விரைவும் விவேகமும்

கேட்டவுடன் விடை பகரும் பிள்ளையை ‘இன்டெலிஜென்ட்’ என்று மெச்சுகிறோம். ஆறியமர்ந்து சிந்திப்பவனை மந்தன் என ஒதுக்கிவிடுகிறோம். வகுப்பறையில் நாமும் இப்பிழை செய்ததுண்டு. விரைவைச் சுட்ட ஆங்கிலத்தில் ‘குயிக்’ என்னும் சொல் வேறே இருக்கிறது. ‘இன்டெலிஜென்ட்’ என்பதோ இலத்தீன் வழி வந்தது. பலவற்றினிடையே ஏற்றதைத் தெரிந்தெடுத்தல் என்பது அதன் வேர்ப்பொருள்.

மட்டக்களப்பு வாவியருகே, கல்லடி உப்போடையில், சிவானந்த வித்தியாலயத்தை 1929இல் நிறுவிய விபுலாநந்த அடிகள், 1936இல் சென்னையிலே கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். அறிவியற் சொல்லொன்றுக்கு நேரான தமிழ்ச் சொல்லைப் பலவற்றுள் ஆராய்ந்து தேர்வது அவசரக்காரருக்கு இயலுமா?

ஆகவே பெற்றோரே, வினாவின் முன் சற்றே தயங்கும் பிள்ளையை வையாதீர்கள். அவன் தெரிந்தெடுத்துக்கொண்டிருக்கலாம், பொறுத்திருந்து கேட்போம்.