பங்களாவின் தடாகமும் லயத்தின் கோடியும்

ஊவா தேயிலையின் மணத்துக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு என்பது தெரிந்ததே. ஆனால் அந்த மணம் ஆண்டு முழுவதும் கிடைப்பதில்லை. ஜூலை தொடக்கம் செப்டெம்பர் வரையில், தென்மேல் பருவக்காற்று மலைகளின் மேற்குப் பக்கத்தில் தன் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட காற்றாகக் கிழக்குச் சரிவில் இறங்கும் வாரங்களிலேயே கொழுந்தில் அந்த மணம் ஏறுகின்றது. கொழுந்துக்கு மணம் சேர்க்கும் அதே காற்றுதான் தோட்டத்துப் பீலிகளையும் மெலியச் செய்கின்றது. எல்ல, பண்டாரவளை, ஹப்புத்தளை ஆகிய இடங்களில் சுற்றுலாப் பயணிகள் பெருகுவதும் இதே ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில்தான். பழைய துரை பங்களாக்கள் விடுதிகளாக மாறியுள்ள இக்காலத்தில், புல்வெளியில் இறைச்சி வாட்டும் அடுப்பும் அதனருகே நீல நிற நீச்சல் தடாகமும் இல்லாத விடுதியைக் காண்பது அரிதாகி வருகின்றது.

வீட்டின் பின்புறத்தைத் திறந்தவெளிச் சமையலுக்கும் நீராடலுக்கும் பயன்படுத்தி மகிழ்வதில் எவ்விதத் தவறும் இல்லை. நாம் இங்கு எழுப்ப விரும்பும் கேள்வி வேறு. அந்தப் பின்புறம் யாருக்கு இருக்கின்றது, அதில் எரியும் நெருப்பையும் தேங்கும் நீரையும் எவ்வாறு பேணுவது என்பதே அது.

முதலில் அளவைப் பார்ப்போம். வெள்ளைக்காரத் தோட்ட முதலாளிகள் கட்டிய லயன் காம்பரா பெரும்பாலும் 10 அடிக்கு 12 அடி. அதாவது 120 சதுர அடி. முன்னே ஓர் இஸ்தோப்பு, அதையடுத்துக் கான், அவ்வளவுதான். பின்புறத்துக் கோடியில் ஒரு குடும்பம் கீரையோ பீர்க்கங்கொடியோ வைத்திருந்தாலும் அந்த நிலம் அவர்களுடையது அல்ல. நிர்வாகம் கேட்டால் வேலியைப் பிடுங்கிக் கொடுக்க வேண்டியதுதான். தோட்டங்கள் 1970களில் அரசுடைமையாகி, 1992இல் பிராந்தியக் கம்பனிகளின் கைக்குச் சென்ற பின்னரும் இந்த நிலைமை பெரிதும் மாறவில்லை. தனி வீட்டுக்கு 7 பேர்ச்சஸ் காணி என்ற கொள்கை 2015க்குப் பின்னரே உருப்பெற்றது. 2024இல் தொடங்கிய கட்டத்தில் அது 10 பேர்ச்சஸ் என அறிவிக்கப்பட்டது. 2025 ஒக்டோபரில் பண்டாரவளையில் நடைபெற்ற வைபவத்தில் இந்திய உதவித் திட்டத்தின் பயனாளிகளுக்கு வீட்டுரிமைப் பத்திரங்கள் கையளிக்கப்பட்டதையும் வாசகர்கள் அறிவர்.

ஒரு பேர்ச் என்பது ஏறத்தாழ 272 சதுர அடி. 7 பேர்ச்சஸ் என்றால் சுமார் 1,900 சதுர அடி. இந்திய உதவி வீட்டின் பரப்பு 550 சதுர அடி. எஞ்சுகின்ற சுமார் 1,350 சதுர அடிதான், மலையகத் தொழிலாளி ஒருவர் தலைமுறைகளுக்குப் பிறகு தன்னுடையது என்று சொல்லிக் கொள்ளக்கூடிய முற்றமும் கோடியும் ஆகும். விடுதிகளில் காணப்படும் நடுத்தர அளவிலான தடாகம் ஒன்று 10 மீற்றர் நீளமும் 5 மீற்றர் அகலமும் கொண்டதாயின், அதன் நீர்ப்பரப்பு மட்டும் 538 சதுர அடி. தொழிலாளியின் முழு வீட்டுக்கும் ஏறக்குறைய அதே அளவு!

இனி நெருப்புக்கு வருவோம். திறந்தவெளிச் சமையல் என்பது தோட்ட மக்களுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டிய கலை அல்ல. தைப்பொங்கலன்று லயத்து வாசல்கள் தோறும் அடுப்பு மூட்டுவதும், கோவில் திருவிழாவுக்கு மூன்று கல் வைத்துப் பெரும் அண்டாவில் சமைப்பதும், கூதல் காலத்தில் தணலில் மரவள்ளிக் கிழங்கும் சோளமும் சுட்டுத் தின்பதும் அவர்களது வாழ்வில் ஊறியவை. துயரம் என்னவெனில், அன்றாடச் சமையல் மட்டும் காற்றோட்டமற்ற காம்பராவுக்குள் நடக்கின்றது. விறகுப் புகை முதலானவற்றால் வீட்டுக்குள் மாசடையும் காற்று 2020ஆம் ஆண்டில் உலகெங்கும் 32 இலட்சம் மரணங்களுக்குக் காரணமாயிற்று என உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. 2022இல் சமையல் எரிவாயு கிடைக்காமலும் அதன் விலை தாங்க முடியாமலும் போனபோது, நகரத்துக் குடும்பங்களே விறகுக்குத் திரும்பின. தோட்டத்தில் விறகை விட்டு விலகியவர்கள் முன்னரும் பலர் இல்லை.

ஆகவே புதிதாகக் காணி பெற்றவர்கள் முதலில் செய்யத்தக்கது, அடுப்பை வீட்டை விட்டு வெளியே கொண்டுவருவதுதான். வீட்டுச் சுவரிலிருந்து சில அடி தள்ளி, தகரக் கூரையுடன், இரண்டு பக்கமாவது திறந்த ஒரு சாய்ப்பு போதும். காற்று எப்பக்கமிருந்து அதிகம் வீசுகின்றது என்பதைக் கவனித்து, புகை வீட்டுக்குள் திரும்பாதவாறு அதை அமைக்க வேண்டும். நமது நாட்டில் 1980களில் உருவாக்கப்பட்ட 'அனகி' என்னும் களிமண் அடுப்பு ஒரே தீயில் இரண்டு பாத்திரங்களைச் சூடாக்கும். மூன்று கல் அடுப்பைவிட விறகும் குறைவாகச் செலவாகும். ஆடம்பரம் எதுவுமற்ற இந்தச் சிறு பொருள், விடுதிகளின் துருப்பிடிக்காத உருக்கு அடுப்புகளைக் காட்டிலும் பயனுள்ளது என்பதே நமது கருத்து.

விறகிலும் தராதரம் உண்டு. கவ்வாத்து வெட்டிய பின் கிடைக்கும் தேயிலை மிலாறு கனமானது. நன்கு காய்ந்தால் நின்று எரிந்து நல்ல தணல் தரும். ஊவாவின் மலைச்சரிவுகளில் நிறைந்திருக்கும் பைனஸ் மரத்தில் பிசின் அதிகம். அதன் தீயில் நேரடியாக வாட்டினால் உணவில் கரியும் கசப்பும் ஏறும். வர்ணம் பூசிய பலகையையும் ஒட்டுப்பலகையையும் எரிப்பதை அறவே தவிர்த்தல் வேண்டும். வாட்டுதல் என்பது சுவாலையில் செய்யும் வேலை அல்ல. சுவாலை அடங்கி, தணலின் மேல் வெண்சாம்பல் படரும் வரை பொறுத்திருந்தால் இறைச்சியும் மீனும் வெளியே கருகாமல் உள்ளே வேகும்.

இங்கே இரண்டு ஆபத்துகளைக் குறிப்பிடாமல் செல்ல முடியாது. ஹப்புத்தளை, பண்டாரவளைப் பகுதிகளின் இரவுக் குளிருக்கு அஞ்சி, வெளியே எரிந்த கரிச்சட்டியை உள்ளே எடுத்துவந்து கதவைச் சாத்திக்கொள்வது உயிரைப் பறிக்கும் செயல். தணலிலிருந்து எழும் காபன் மொனொக்சைட் வாயுவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவர் உறக்கத்திலேயே மாண்டுபோவார். மற்றையது காட்டுத்தீ. வறட்சி மாதங்களில் இம்மாவட்டத்தின் பத்தனைப் புல்வெளிகளும் பைனஸ் காடுகளும் எரிவது ஆண்டுதோறும் நாம் காணும் காட்சியாகும். விருந்து முடிந்ததும் தணலை மண்ணால் மூடிவிட்டுப் போவது போதாது. நீர் ஊற்றி, கிளறி, மீண்டும் ஊற்றி, கைவைத்தால் சூடு தெரியாத நிலைக்குக் கொண்டுவர வேண்டும். லயத்திலோ ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள் இருப்பதால் ஒரு காம்பராவின் தீப்பொறி முழு வரிசையையும் தெருவில் நிறுத்திவிடும். அத்தகைய செய்திகள் நமது பத்திரிகைப் பக்கங்களுக்குப் புதியவை அல்ல.

அடுத்தது நீர். நாம் மேலே சொன்ன தடாகத்தின் சராசரி ஆழம் ஒன்றரை மீற்றர் எனக் கொண்டால் அதில் 75,000 லீற்றர் நீர் இருக்கும். காற்று வீசும் வறட்சி நாட்களில் ஒரு நாளைக்கு 5 மில்லிமீற்றர் ஆவியானாலும் 250 லீற்றர் மறைந்துவிடும். ஆளுக்கு 50 லீற்றர் வீதம் ஐவர் கொண்ட குடும்பமொன்றின் ஒரு நாள் தேவை அது. பீலிக்கரையில் விடியற்காலையில் குடங்களுடன் வரிசையில் நிற்கும் பெண்களுக்கு இந்தக் கணக்கை எவரும் விளக்க வேண்டியதில்லை. மலையின் ஊற்றுகள் எவ்வளவு மெல்லிய நரம்பில் ஓடுகின்றன என்பதைப் பண்டாரவளை மக்கள் பட்டே அறிந்தவர்கள். உமாஓயாத் திட்டத்தின் சுரங்கப்பாதைக்குள் 2014 இறுதியிலிருந்து நிலத்தடி நீர் பெருமளவில் கசிந்தபோது, மேலேயிருந்த கிணறுகள் வற்றின, வீடுகளின் சுவர்கள் வெடித்தன.

தடாகத்தைச் சரியாகப் பராமரிப்பவர் அதன் நீரை அடிக்கடி வெளியேற்ற மாட்டார். இரசாயனச் சமநிலை பேணப்பட்டால் ஒரே நீரை நீண்ட காலம் வைத்திருக்கலாம். லீற்றருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும். நீரின் பீ.எச். பெறுமானம் 7.2க்கும் 7.8க்கும் இடையில் இருத்தல் நன்று. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை. பீ.எச். 7.5ஆக இருக்கும்போது, கரைந்த குளோரினில் ஏறத்தாழ அரைவாசி கிருமியைக் கொல்லும் வீரியமான வடிவில் இருக்கும். பீ.எச். 8ஆக உயர்ந்தால் அது கால்வாசியாகக் குறையும். பலர் இதை அறியாமல் குளோரினையே மேலும் மேலும் கொட்டிவிட்டு, நீர் இன்னும் பச்சையாக இருக்கின்றதே என்று வியக்கின்றனர். வெயில் குளோரினைச் சில மணி நேரத்தில் சிதைத்துவிடுவதால் அந்தியில் இடுவதே சிக்கனம். இரசாயனத்தை நீரில் சேர்க்க வேண்டுமேயன்றி, இரசாயனத்தின் மேல் நீரை ஊற்றலாகாது. குளோரின் தூளையும் அமிலத்தையும் ஒன்றாகக் கலந்தால் நச்சு வாயு கிளம்பும். இவ்வேலையைச் செய்பவர் பெரும்பாலும் தோட்டத்துப் பையன் ஒருவராகவே இருப்பார். அவருக்குக் கையுறையும் முகக்கவசமும் தருவது விடுதி உரிமையாளரின் கடமை.

இரவில் தடாகத்தை விரிப்பினால் மூடிவைத்தால் ஆவியாதல் பெருமளவு குறையும். மணல் வடிகட்டியைப் பின்னோக்கிக் கழுவும்போது ஒரு தடவைக்கே பல நூறு லீற்றர் வீணாகும். நாட்கணக்குப் பார்த்து அல்ல, அழுத்தமானி உயர்ந்து காட்டும்போது மட்டும் கழுவினால் போதும். நீர்மட்டம் சந்தேகத்துக்கிடமாகக் குறைந்தால், தடாக நீரை வாளியொன்றில் நிரப்பித் தடாகத்தின் படியிலேயே வைத்து, இரண்டின் மட்டத்தையும் குறித்துக்கொண்டு ஒரு நாள் கழித்துப் பாருங்கள். வாளியைவிடத் தடாகம் கூடுதலாகக் குறைந்திருந்தால் எங்கோ கசிவு உண்டு.

பதுளை மாவட்டத்தில் கசிவு என்பது பணப்பிரச்சினை மட்டும் அல்ல. 75,000 லீற்றர் நீர் என்பது 75 தொன் எடை. அதை ஒரு மலைச்சரிவின் நெற்றியில் ஏற்றிவைத்து, அடியில் மண்ணுக்குள் நீரையும் ஊறவிட்டால் என்ன நேரும் என்பதை ஊகிக்கப் பெரும் அறிவு தேவையில்லை. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் லயன்கள் மண்ணுக்குள் புதையுண்டதை நாம் மறக்கவில்லை. அதற்குத் தடாகம் எதுவும் காரணமல்ல. நீர் ஊறிய மலைச்சரிவு எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கே அதை இங்கு நினைவூட்டுகின்றோம். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயலின்போதும் மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டங்களுள் பதுளை ஒன்றாயிற்று. மண்சரிவு அபாயமுள்ள மாவட்டங்களில் கட்டடம் எழுப்புவதற்குத் தேசிய கட்டட ஆய்வு நிறுவனத்தின் பரிந்துரை வேண்டும் என்ற நடைமுறை இருக்கின்றது. தடாகமும் அதற்குள் அடங்கியே ஆக வேண்டும். கீழே லயன் இருக்கும் சரிவின் மேல் தடாகம் கட்ட அனுமதிப்பதில் எவ்விதச் சமாதானத்தையும் நாம் ஏற்கமாட்டோம்.

தடாகத்துக்குக் காட்டும் கவனத்தில் பத்தில் ஒரு பங்கையாவது பீலிக்கும் தொட்டிக்கும் காட்டினால் எத்தனையோ வயிற்றோட்ட நோய்களைத் தடுக்கலாம். இரண்டுக்கும் வேண்டிய இரசாயனம் ஒன்றே, அளவு மட்டுமே வேறு. குடிநீரில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருந்தால் போதுமானது. 1,000 லீற்றர் தெளிந்த நீருக்கு, மூன்றில் ஒரு பங்கு குளோரின் கொண்ட புதிய வெளிற்றும் தூள் சுமார் 6 கிராம் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் விட்டுவைத்தால் பெரும்பாலான கிருமிகள் அழியும். கலங்கல் நீரை முதலில் தெளியவைக்க வேண்டும், இல்லையேல் மருந்து சேற்றிலேயே செலவாகிவிடும். திறந்துவைத்த தூள் வீரியம் இழந்துவிடும் என்பதால் அளவைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேட்டுக்கொள்வது நல்லது. பீலிக்கு மேலே மலசலகூடக் குழி இருந்தால் எந்தத் தூளும் நிரந்தரத் தீர்வாகாது.

புதிய வீட்டுக் கூரையும் ஒரு நீர்நிலைதான். 550 சதுர அடிக் கூரையில் 20 மில்லிமீற்றர் மழை பெய்தால், சிந்தியது போக சுமார் 800 லீற்றரைப் பீலி வழியே தொட்டிக்கு இறக்கலாம். ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை ஊவாவுக்கு மழைக்குக் குறைவில்லை. தொட்டியை வலை கொண்டு மூடாவிட்டால் நுளம்பு பெருகி டெங்கு வரும். பயணிகள் வராத மாதங்களில் மருந்திடாமல் விடப்படும் விடுதித் தடாகங்களுக்கும் இது பொருந்தும்.

பிரதேச சபைகளின் நிதியைத் தோட்டங்களுக்குள் செலவிட முடியாதிருந்த சட்டத்தடை 2018இல் நீக்கப்பட்டது. எல்ல, ஹப்புத்தளை, பண்டாரவளைப் பிரதேச சபைகள், தடாகத்துக்கான விண்ணப்பம் மேசைக்கு வரும்போது இரண்டு கேள்விகளைக் கேட்கட்டும்: ஆகஸ்ட் மாதத்தில் இந்தத் தடாகம் எந்த ஊற்றிலிருந்து நிரப்பப்படும், அதே ஊற்றின் கீழே எத்தனை குடும்பங்கள் பீலி வைத்திருக்கின்றன? பதில் விண்ணப்பத்திலேயே எழுதப்பட்டு, அந்தத் தோட்டத்து மக்கள் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும்.