முதுகெலும்பில் வைத்த எலும்பு ஒட்டவில்லை என்பது ஸ்கேனில் எப்படித் தெரிகிறது?

முதுகெலும்பு இணைப்பு அறுவை சிகிச்சையில், இரண்டு முள்ளெலும்புகளுக்கு நடுவே எலும்புத் துகள்களை வைத்துத் திருகாணிகளால் இறுக்குகிறார்கள். அந்தத் திருகாணியே ஆயுளுக்கும் தாங்கும் என்று பலர் நம்புகிறார்கள். இல்லை. எலும்பு வளர்ந்து ஒட்டும்வரை அசையாமல் பிடித்துக்கொள்வதுதான் அதன் வேலை.

ஒட்டாவிட்டால்?

சுவரில் அடித்த ஆணியில் கனமான பையைத் தினமும் மாட்டி எடுத்துப் பாருங்கள். ஆணியைச் சுற்றிக் காரை உதிர்ந்து ஓட்டை பெரிதாகும். இங்கேயும் அதுதான். நீங்கள் குனியும்போதெல்லாம் முள்ளெலும்பு துளி அசைய, திருகாணியைச் சுற்றியுள்ள எலும்பு மெல்லக் கரைகிறது. சி.டி. ஸ்கேனில் எலும்பு வெள்ளையாகத் தெரியும். கரைந்த இடம் திருகாணியைச் சுற்றிக் கறுப்பு வளையமாகத் தெரியும்.

இன்னொன்றையும் மருத்துவர் தேடுவார்: ஒரு முள்ளெலும்பிலிருந்து அடுத்ததற்கு வெள்ளை எலும்பு அறுபடாமல் போகிறதா? நடுவே கறுப்புக் கோடு குறுக்கிட்டால் சந்தேகம் வலுக்கும். குனிந்தும் பின்னால் வளைந்தும் எடுத்த எக்ஸ்ரேக்களை ஒப்பிட்டால் அசைவும் பிடிபடும். முறிந்த திருகாணி பலமான தடயம்.

ஆனால் மூன்றாம் மாத ஸ்கேனைப் பார்த்துப் பதறாதீர்கள். எலும்பு நிதானமாகத்தான் வளரும். ஒட்டவில்லை என்ற முடிவுக்குப் பெரும்பாலும் ஓராண்டாவது காத்திருப்பார்கள்.

புகைபிடித்தால் எலும்பு ஒட்டாமல் போகும் வாய்ப்பு கூடும். அறுவை சிகிச்சைக்கு முன்பே தயவுசெய்து நிறுத்திவிடுங்கள்.