தட்டொலிக்குக் கைமருந்து

ஃபோர்டு நிறுவனம் 1908 முதல் 1927 வரை உருவாக்கிய மாடல் டி ஊர்திகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். அவற்றின் பொறியில் உருளைகள் நான்கு, அடைப்பிதழ்கள் எட்டு. பட்டறையில் வால்வு எனப்படுவன இவையே. பொறி நிமிடத்திற்கு 1,000 சுற்றுச் சுழலுங்கால் ஒவ்வோர் இதழும் 500 முறை திறந்து மூடும். எட்டும் சேர 4,000 முறை. தேய்ந்த பொறியில் அத்தனையும் தட்டொலியாகக் காதில் விழும்.

கேம் எனப்படும் நெம்புருள் சுழன்று உந்துகோலை மேலே தள்ள, கோல் இதழின் காம்பைத் தூக்குகிறது. நெம்புருள் விலகியதும் சுருள்வில் இதழை இருக்கையில் அமர்த்துகிறது. கோலும் காம்பும் ஒட்டி நிற்பதில்லை. இடையே சிறு வெளி உண்டு. அவ்வெளியைக் கடந்து கோல் காம்பில் மோதுவதும், இதழ் விரைந்து வந்து இருக்கையில் விழுவதுமே ஓசை.

அப்படியானால் வெளியே வேண்டாவே எனலாம். வெப்பம் அதற்கு இடந்தராது. எஃகு, ஒரு பாகை செல்சியசுக்குத் தன் நீளத்தில் ஏறத்தாழப் பத்து இலட்சத்தில் 12 பங்கு விரியும். 120 மி.மீ. நீளமுள்ள புகைபோக்கு இதழ் சராசரியாக 300 பாகை சூடேறினால் 0.43 மி.மீ. நீளும். இடைவெளி இல்லையேல், நீண்ட காம்பு கோலின்மேல் ஊன்றி நின்றுவிடும். இதழ் இருக்கையில் படியாது. தான் வாங்கிய வெப்பத்தின் பெரும்பகுதியை இதழ் இறக்கிவைப்பது இருக்கையைத் தொட்டிருக்கும் நேரத்தில்தான். தொடாவிடில் எரிவளி விளிம்பில் பீறிட்டு அதைத் தின்றுவிடும். தட்டும் இதழால் வலுக் குறையும். தட்டாத இதழ் எரிந்தே போகலாம்.

மாடல் டி கையேடு வகுத்த வெளி 1/64 அங்குலத்திற்குக் குறையாதது, 1/32 அங்குலத்தை மிஞ்சாதது, அதாவது 0.4 முதல் 0.8 மி.மீ. வரை. ஆனால் அதைத் திருத்திக்கொள்ளக் கோலில் திருகாணி கிடையாது. வெளி குறைந்தால் காம்பின் முனையை அராவலாம். தேய்ந்து மிகுந்தால்? புதுக் கோல் வாங்குக, போதாவிடில் புது இதழும் வாங்குக என்றது கையேடு. காம்பை அடித்து நீட்டுவதை அது வெளிப்படையாகவே விலக்கியது: அதற்குக் கைத்தேர்ச்சி வேண்டும், புதுப் பொருளின் விலையைப் பார்த்தால் அவ்வுழைப்பு கட்டாது. விலக்க வேண்டியிருந்ததென்றால், செய்தவர் பலர் இருந்திருப்பர்.

அந்நீட்டலின் அறிவியல் அழகானது. முனையருகே காம்பைச் சுற்றிலும் சுத்தியலால் தட்டினால் தடிப்புக் குறையும். உலோகத்தின் கனஅளவு மாறாதாகையால் நீளம் கூடும், பிசைந்த மாவு உருட்ட உருட்ட நீளுவதுபோல. 12 மி.மீ. நீளத்தில் விட்டத்தை 2 விழுக்காடு குறைத்தால் அரை மி.மீ. கிட்டும். வேண்டுவதும் அவ்வளவே. ஆனால் ஒரு பக்கம் அடி மிகுந்தால் காம்பு கோணும். முனையில் நேரே அடித்தாலோ அது அகன்று, வழிகாட்டுக் குழலுக்குள் நுழையாது.

சுத்தியலுக்கு அஞ்சியவர் மூடி வாங்கினர். காம்பின் நுனியில் கவிழ்க்கும் சிறு எஃகுக் கிண்ணம் அது. சிலவற்றுள் நார்த்தகடும் இருக்கும். எஃகும் எஃகும் மோதும் நேரம் மிகச் சிறிது. ஆதலால் விசை கூர்மையாக எழும், ஒலி கணீரென்று கேட்கும். நார் சற்றே அமுங்கி மோதல் நேரத்தை நீட்டுகிறது. உச்ச விசை தாழ, ஓசையும் மழுங்குகிறது. இது மெய்யான மருந்தே, சில காலத்திற்கு. வெப்பத்திலும் இடைவிடா அடியிலும் நார் நொறுங்க, வெளி மீண்டும் விரியும்.

தடித்த எண்ணெய் ஊற்றுவது எல்லாவற்றிலும் எளிது. என் எண்ணத்தில் எல்லாவற்றிலும் இழிவு. இடையிலுள்ள எண்ணெய்ப் படலம் பிதுங்க நேரம் பிடிப்பதால் மோதல் தணியும், மெய்தான். ஆயின் மாடல் டி-யில் பொறிக்கும் பற்சக்கரங்களுக்கும் எண்ணெய் ஒன்றே. குளிர்காலையில் அது இறுகிக் கிளட்ச் தட்டுகளை ஒட்டவைக்க, முன்னின்று கைப்பிடி சுழற்றியவர்மேலேயே வண்டி ஊர்ந்து வரும்.

சிகாகோவைச் சேர்ந்த சார்லஸ் யேல் நைட் தம் நாக்ஸ் ஊர்தியின் இதழோசை பொறாது, இதழ்களையே ஒழித்தார். உருளைக்குள் வழுக்கும் துளையிட்ட உறைகள் அவற்றின் வேலையைச் செய்தன. 1906-இல் சிகாகோக் காட்சியில் அப்பொறி வெளிவந்தது. ஓசை போயிற்று, எண்ணெய்ச் செலவும் புகையும் வந்தன. 1930-இல் காடிலாக்கின் 16 உருளைப் பொறி எண்ணெயையே வேறு வகையில் ஆண்டது. அழுத்தத்தில் அடைபட்ட எண்ணெய் வெளியைத் தானே நிரப்பும். எளிதில் அமுங்காதாகையால் தள்ளுவிசையைக் கடத்தும். காம்பு நீண்டால் சிறிது கசிந்து இடங்கொடுக்கும்.

ஃபோர்டோ 1932-இல் வந்த வி-8 பொறியிலும் திருகாணி வைக்கவில்லை. இன்று மாடல் டி-யைப் பேணுவோர் பலர் திருகுள்ள உந்துகோல்களை மாற்றிப் பொருத்துகின்றனர். உந்துகோலை முழுதும் இறக்கிவைத்து அளவுத்தகட்டை இடையே செருகுவர். அது சற்றே உரசி இழுபட வேண்டும். தடையின்றி வழுக்கினால் வெளி மிகுதி, நுழைய மறுத்தால் குறைவு.