கழுத்தில் ஒரு சிறு வாசல்

நாக்கில் உண்டான புற்றுநோயை அறுத்தெடுக்க மருத்துவருக்கு வாய் வேண்டும். அப்போது நோயாளி மூச்சு விடுவது எப்படி? பெரும்பாலும் மூக்கின் வழியே குழாய் ஒன்றை மூச்சுக்குழலுக்குள் செலுத்துகின்றனர்.

அறுவைக்குப்பின் நாக்கும் தொண்டையும் வீங்கி வழியை அடைக்கக்கூடும். அவ்வாபத்து மிகுந்தோருக்குக் குரல்வளைக்குக் கீழே கழுத்தில் துளையிட்டுக் குழாய் பொருத்துவர். மூக்கு காற்றை ஈரமாக்கித் தரும். இங்கோ அவ்வுதவி இல்லை. ஆதலால் சளி இறுகிக் குழாயை அடைக்கும். செவிலியர் காற்றை ஈரப்படுத்தி, சளியை அவ்வப்போது உறிஞ்சி எடுக்கின்றனர்.

காற்று குரல்வளையைத் தொடாததால் குரலும் எழாது. மூச்சுத் திணறினாலும் கூப்பிட இயலாதே! ஆகவே கைக்கெட்டும் தூரத்தில் மணியும், எழுதச் சிலேட்டும் வைத்தல் வேண்டும். வீக்கம் வடிந்தபின் குழாயை எடுத்துவிட, துளை பெரும்பாலும் தானே மூடிக்கொள்ளும். அதுவரை, பேச இயலாதவரின் கண்களையும் கைகளையும் கவனிக்க நாம் கற்றுக்கொள்வோம்.