இயேசு பெருமான்: தீர்க்கதரிசியா, தெய்வமா?



ஒரு தீபாவளி நாளில் எங்கள் தோட்டத்து வீடொன்றில் நடந்த சின்னச் சச்சரவுதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். பட்டணத்தில் வேலை செய்யும் பேத்தி பண்டிகைக்கு வந்திருந்தாள். பாட்டி அவள் நெற்றியில் திருநீறு பூசக் கையை நீட்டினார். அவள் தலையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு, "வேணாம் பாட்டி, நான் இப்போ சர்ச்சுக்குப் போறேன்" என்றாள்.

பாட்டிக்கு வந்ததே கோபம்! சாமி மேடையைக் காட்டினார். பிள்ளையார், முருகன், மாரியம்மன் படங்களுக்குப் பக்கத்தில் ஏசு படமும் பூமாலையோடு இருந்தது. "உன் சாமிக்கும் நான்தானடி தினமும் கற்பூரம் காட்டுறேன்! உன் சாமியை நான் ஏத்துக்கிட்டேன், என் சாமி கொடுக்கிற திருநீறு உனக்கு ஆகாதா?"

இட்டிலி ஆறிப்போனது. பெண் அழுதுகொண்டே அறைக்குள் போய்விட்டாள். வாத்தியார் வந்து நியாயம் சொல்லட்டும் என்று எனக்கு ஆள் அனுப்பினார்கள்.

பாட்டியின் கேள்வியை அற்பமாக நினைத்துவிடாதீர்கள். நம்மில் பலர் மனத்தில் உள்ள கேள்விதான் அது. நானே ஒரு காலத்தில் அதில் வசமாக மாட்டிக்கொண்டவன்.

சில ஆண்டுகளுக்கு முன் பக்கத்துப் பட்டணத்தில் ஒரு கிறிஸ்துமஸ் ஒன்றுகூடலுக்கு என்னைப் பேச அழைத்தார்கள். நானும் மேடையேறி, "புத்தர், வள்ளலார், காந்தியடிகள் ஆகியோர் வரிசையில் வைத்து எண்ணத்தக்க மாபெரும் தீர்க்கதரிசி இயேசு பெருமான்!" என்று முழங்கினேன். கைதட்டல் அவ்வளவாக வரவில்லை. கூட்டம் முடிந்ததும் ஓய்வுபெற்ற தோட்டத்துக் கிராணி ஒருவர் கேக்குத் தட்டோடு என்னிடம் வந்தார். "சார், நல்லாப் பேசினீங்க. ஆனா நீங்க சொன்ன ஏசுவை நாங்க கும்பிடறதில்லையே" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. உயர்த்தித்தானே பேசினேன்? எங்கே தவறினேன்? அடுத்த பள்ளி விடுமுறையில் சிங்கப்பூருக்குப் போனபோது, அதே கிராணி ஐயாவும் மகளைப் பார்க்க உடன் வந்தார். அந்த ஒரு பகலில் நான் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

ஜொகூர் பாருவிலிருந்து 170-ஆம் எண் பஸ்ஸில் போகிறவர்கள் குவீன் ஸ்திரீட்டில் இறங்குவது உங்களுக்குத் தெரியும். இறங்கியதும் நம் கால்கள் தேக்காவை நோக்கித்தான் நடக்கும். பசியாறி, முஸ்தபாவில் சாமான் வாங்கி, மூட்டையைக் கட்டிக்கொண்டு திரும்பிவிடுவோம். நடந்து போகிற வழியில் என்ன இருக்கிறது என்று யார் பார்க்கிறோம்?

சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் டன்லப் ஸ்திரீட்டில் அப்துல் கபூர் பள்ளிவாசல் இருக்கிறது. 1907-இல் கட்டத் தொடங்கிய பள்ளிவாசல். ஷேக் அப்துல் கபூர் என்பவர் முன்னின்று கட்டியது. அவர் ஒரு வழக்கறிஞர் நிறுவனத்தில் தலைமை எழுத்தராக இருந்தவராம். "பாருங்க, அவரும் ஒரு கிராணிதான்!" என்று நம்மவருக்கு ஒரே பெருமை. 1979-இல் சிங்கப்பூர் அரசு இதைத் தேசிய நினைவுச் சின்னமாக அறிவித்தது.

அதன் வாயில் முகப்பை நிமிர்ந்து பாருங்கள். சூரியக் கடிகாரம் போன்ற ஓர் அலங்காரம். அதிலிருந்து 25 கதிர்கள் விரிகின்றன. ஒவ்வொரு கதிரிலும் அரபு எழுத்தில் ஒரு பெயர். எனக்கு அரபு வாசிக்கத் தெரியாது. அங்கே தொழுதுவிட்டு வெளியே வந்த தமிழ் முஸ்லிம் பெரியவர் ஒருவர்தாம் விளக்கினார். திருக்குர்ஆனில் பெயர் சொல்லப்பட்ட நபிமார்கள் 25 பேராம். ஆதம், நூஹ், இப்ராஹீம், மூஸா, தாவூத் என்று வரும் அந்தப் பெயர்களில் ஈஸாவும் ஒருவர். ஈஸா யார் என்கிறீர்களா? நாம் ஏசு என்று சொல்கிறோமே, அவர்தாம்!

ஒரு பள்ளிவாசலின் நெற்றியில் இயேசுவின் பெயர் இருக்கும் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை.

"ஈஸா நபி பேரை நாங்க வெறுமனே சொல்லமாட்டோம் தம்பி. 'அலைஹிஸ்ஸலாம்' சேர்த்துத்தான் சொல்லுவோம்" என்றார் பெரியவர். அவர் மேல் சாந்தி உண்டாகட்டும் என்பது அதன் பொருள். குர்ஆனின் 19-ஆம் அத்தியாயத்துக்கே அவருடைய அன்னை மர்யமின் பெயர்தான். ஈஸா தந்தையில்லாமல் பிறந்தார், பிறவிக் குருடரையும் குஷ்டரோகிகளையும் இறைவன் அனுமதியால் குணப்படுத்தினார், அவரே மஸீஹ் என்பதெல்லாம் இஸ்லாமியர் நம்பிக்கை. ஆனால் அவர் இறைவனின் மகன் என்பதை மட்டும் அவர்கள் ஏற்பதில்லை. இறைவன் ஒருவன், அவனுக்குப் பிள்ளையும் இல்லை, இணையும் இல்லை. தந்தையில்லாமல் பிறந்ததால் கடவுள் என்றால், தாயும் தந்தையும் இல்லாமல் படைக்கப்பட்ட ஆதமை என்ன சொல்வது என்று அவர் கேட்டார். சிலுவையில் அவர் கொல்லப்படவில்லை, இறைவன் அவரைத் தன்னிடம் உயர்த்திக்கொண்டான் என்றும் சொன்னார்.

கிராணி ஐயா மரியாதையோடு கேட்டுக்கொண்டிருந்தார். பெரியவரிடம் கைகொடுத்து விடைபெற்று, "வாங்க சார், இப்போ எங்க இடத்துக்குப் போகலாம்" என்று என்னை அழைத்துக்கொண்டு நடந்தார்.

வந்த வழியே பத்து நிமிட நடை. ஓஃபிர் ரோட்டில் லூர்து மாதா ஆலயம். நம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சிங்கப்பூரில் தமிழ்க் கத்தோலிக்கர்களுக்காக எழுந்த முதல் ஆலயம் இது. அதற்கு முன் அவர்கள் குவீன் ஸ்திரீட்டிலுள்ள ஆலயத்தில் சீனர்களோடு சேர்ந்து வழிபட்டுவந்தார்கள். 1886-இல் அடிக்கல் நாட்டி, 1888-இல் கட்டி முடித்தார்கள். ஷார்ட் ஸ்திரீட்டில் உள்ள தமிழ் மெதடிஸ்ட் திருச்சபையும் ஏறத்தாழ அதே வயதுடையது. நம் முன்னோர் கப்பலில் கொண்டுவந்த மூட்டைகளில் வேதப்புத்தகங்களும் இருந்தன என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

ஆலயத்துக்குள் பின்வரிசையில் உட்கார்ந்தோம். "இயேசு தீர்க்கதரிசியா, இல்லையா?" என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"தீர்க்கதரிசியும்தான் சார்!" என்றார்.

அந்த 'உம்'மில்தான் விஷயமே இருக்கிறது, வாசகர்களே. வருவதை முன்கூட்டிச் சொல்கிறவரை நாம் தீர்க்கதரிசி என்கிறோம். வேதாகமத்தில் அதன் பொருள் அதைவிடப் பெரிது. கடவுள் சொல்வதை மக்களிடம் எடுத்துச் சொல்ல அனுப்பப்பட்டவர் என்று பொருள். கத்தோலிக்கர் இன்று இறைவாக்கினர் என்ற சொல்லையே கையாளுகிறார்கள். ஏசாயா, எரேமியா, எலியா எல்லாரும் அப்படிப்பட்டவர்கள். நயீன் என்ற ஊரில் விதவையின் மகனை இயேசு உயிரோடு எழுப்பியபோது, பெரிய தீர்க்கதரிசி வந்திருக்கிறார் என்றுதான் ஊரார் பேசிக்கொண்டார்கள். கிணற்றடியில் அவரோடு பேசிய சமாரியப் பெண்ணுக்கும் முதலில் அப்படித்தான் பட்டது. சொந்த ஊரில் தீர்க்கதரிசிக்கு மதிப்பில்லை என்று இயேசுவே தம்மைக் குறித்துச் சொன்னதாகவும் சுவிசேஷங்களில் இருக்கிறது. ஆகவே நான் மேடையில் சொன்னது பொய்யில்லை. பாதி வழியில் நின்றுவிட்டேன், அவ்வளவுதான்.

மத்தேயு எழுதிய சுவிசேஷத்தின் 16-ஆம் அதிகாரத்தில் இயேசு சீடர்களிடம் ஒரு கேள்வி கேட்கிறார்: மக்கள் என்னை யார் என்கிறார்கள்? எலியா என்கிறார்கள், எரேமியா என்கிறார்கள், தீர்க்கதரிசிகளில் ஒருவர் என்கிறார்கள் எனச் சீடர்கள் அடுக்குகிறார்கள். அதோடு அவர் விடவில்லை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார். அப்போதுதான் பேதுரு, அவர் மெசியா என்றும் ஜீவனுள்ள தேவனின் குமாரன் என்றும் அறிக்கையிடுகிறார். கிறிஸ்தவ நம்பிக்கை நிற்பது இந்த இரண்டாவது பதிலின் மேல்தான்.

"தீர்க்கதரிசி 'கடவுள் இப்படிச் சொல்றார்'னு பேசுவார் சார். இவர் 'நான் உங்களுக்குச் சொல்றேன்'னு பேசினார். படுத்துக் கிடந்த திமிர்வாதக்காரனைப் பார்த்து உன் பாவம் மன்னிக்கப்பட்டதுன்னு சொன்னார். கடவுளைத் தவிர பாவத்தை மன்னிக்க யாரால முடியும்னு அங்கிருந்த வேதபாரகர்களே கோபப்பட்டாங்க. அவங்க கேட்டது சரியான கேள்விதானே?" என்றார் கிராணி ஐயா. பிறகு முன்வரிசையில் முழந்தாளிட்டிருந்த ஓர் அம்மாளைக் கண்ணால் காட்டினார். "நாங்க யார்கிட்ட வேண்டிக்கிறோம்னு பாருங்க. ஏசாயாகிட்ட யாராவது பாவமன்னிப்பு கேட்கிறோமா?"

சென்னை மயிலாப்பூரோடும் பரங்கிமலையோடும் மரபு சேர்த்துப் பேசும் தோமையாரை உங்களுக்குத் தெரிந்திருக்கும். உயிர்த்தெழுந்ததை முதலில் நம்பாமல், காயத்தைத் தொட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்று பிடிவாதம் பிடித்தவர் அவர். அந்த மனிதர்தாம் கடைசியில் இயேசுவைத் தம் ஆண்டவர் என்றும் தம் கடவுள் என்றும் அழைத்தார் என்கிறது யோவான் சுவிசேஷம்.

இதையெல்லாம் கிறிஸ்தவர்கள் சண்டையில்லாமல் ஒப்புக்கொண்டார்கள் என்று நினைக்கவேண்டாம். நான்காம் நூற்றாண்டில் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் ஆரியுஸ் என்ற குருவானவர், குமாரன் மேலானவரே, ஆனால் அவரும் படைக்கப்பட்டவரே என்று போதித்தார். ஏராளமானோர் அவர் பக்கம் சேர்ந்தார்கள். ரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைன் 325-ஆம் ஆண்டில் ஆயர்களை நைசியாவில் கூட்டினார். இன்றைய துருக்கியில் உள்ள ஊர் அது. குமாரன் படைக்கப்பட்டவர் அல்லர், பிதாவோடு ஒரே தன்மை உடையவர் என்று அங்கே முடிவாயிற்று. அதற்கு 2025-இல் 1700 ஆண்டுகள் நிறைந்தன. அந்த முடிவை உள்ளடக்கிய விசுவாச அறிக்கையைக் கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் இன்றும் வழிபாட்டில் சொல்கிறார்கள். பிறகு 451-இல் கால்சிதோனில் கூடி, அவர் முழுக் கடவுள், முழு மனிதர் என்று வகுத்தார்கள்.

மாறுபடுகிறவர்கள் இன்றும் உண்டு. யெகோவாவின் சாட்சிகள் இயேசுவைத் தேவகுமாரன் என்பார்கள், கடவுளுக்குச் சமமானவர் என்று ஏற்கமாட்டார்கள். சிங்கப்பூரில் 1972-இல் அவர்களுடைய சபையின் பதிவு ரத்தானது. அவர்கள் தேசிய சேவைக்குப் போக மறுத்ததே அதற்குக் காரணம், இந்தக் கொள்கையன்று.

அப்படியானால் கடவுள் இரண்டா, மூன்றா? இதைத்தான் பள்ளிவாசல் பெரியவரும் கேட்டிருப்பார். கடவுள் ஒருவரே, பிதா, குமாரன், பரிசுத்த ஆவி என மூவராய் இருக்கும் ஒருவர் என்பது கிறிஸ்தவர் பதில். இன்னும் விளக்குங்கள் என்றேன். கிராணி ஐயா சிரித்துவிட்டு, "எனக்கே முழுசாப் புரிஞ்சிட்டா அது கடவுளா இருக்காது சார்" என்றார். தப்பித்துக்கொண்டாரா, உண்மையைச் சொன்னாரா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

நாம் ஏன் இதில் குழம்புகிறோம் என்பதையும் யோசித்துப் பார்த்தேன். சிவன் கோயில் பிராகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையாக நிற்கிறார்கள். அவர்கள் மனிதர்களாய்ப் பிறந்த அடியார்கள். ஆயினும் நாம் கைகூப்புகிறோம், பூ வைக்கிறோம். மகானுக்கும் தெய்வத்துக்கும் நடுவே நமக்கு இருப்பது வாசற்படி மட்டுமே, எளிதில் தாண்டிவிடுவோம். யூதர், கிறிஸ்தவர், இஸ்லாமியர் ஆகிய மூவருக்கும் அந்த இடத்தில் மதில்சுவர் இருக்கிறது. ஈஸா நபி சுவருக்கு இந்தப் பக்கம் நிற்கும் மிகச் சிறந்த மனிதர் என்கிறார் முஸ்லிம் பெரியவர். சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மனிதனாய் வந்தவர் என்கிறார் கிராணி ஐயா. அவதாரம் என்று சொல்லலாமே என்று கேட்டேன். பழைய தமிழ்க் கிறிஸ்தவர்கள் மனிதாவதாரம் என்று எழுதியதும் உண்டுதான். ஆனால் பத்து அவதாரங்களில் ஒன்று என்ற பொருளில் அவர்கள் அதைச் சொல்லவில்லை. ஒரே ஒரு முறை, எல்லாருக்குமாக ஒரே முறை என்பது அவர்கள் கொள்கை.

அந்தத் தீபாவளியன்று பாட்டியிடம் இவ்வளவையும் சொல்லவில்லை. சொன்னால் மத்தியானச் சோறும் ஆறிப்போயிருக்கும். "பாட்டி, உங்களை அவமதிக்கணும்னு அது செய்யலை. நம்ம மேடையில ஏசு நாலு பேரோட அஞ்சாவதா உட்காருவார். அதோட நம்பிக்கையில அவர் வரிசையில உட்காரமாட்டார். அவர் ஒருத்தர்தான் கடவுள்னு அது நம்புது. அதனாலதான் வேற சாமி பிரசாதம் வாங்க மாட்டேங்குது" என்றேன்.

பாட்டி வெகுநேரம் பேசவில்லை. "அப்போ நான் மாலை போட்டது அவருக்குப் பிடிக்காதா?" என்று கேட்டார்.

நான் பேத்தியைப் பார்த்தேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "நீ போட்டா பிடிக்கும் பாட்டி" என்றாள். எந்த வேதபாரகர் ஒப்புக்கொள்வாரோ எனக்குத் தெரியாது!

ஏசு படம் இன்னும் அந்த மேடையில்தான் இருக்கிறது. மறு ஆண்டு தீபாவளிக்குப் பேத்தி வந்தபோது, பாட்டி திருநீற்றுத் தட்டை மற்றவர்களிடம் நீட்டிவிட்டு, இவள் தலையில் வெறும் கையை வைத்தார்.