சின்ன எஞ்சினுக்கு வண்ணம் பூசலாம்

டார்ஜிலிங் மலை ரயிலைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? அது மேற்கு வங்காளத்தில் இருக்கிறது. 1881 முதல் ஓடுகிறது. 1999-இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

அது சின்ன ரயில். இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே 2 அடி இடைவெளிதான். நாம் வழக்கமாகப் பார்க்கும் அகலப் பாதையில் இந்த இடைவெளி ஐந்தரை அடி.

அங்கே ஓடும் நீராவி எஞ்சினுக்கு 'பி வகை' என்று பெயர். முதல் எஞ்சின்கள் 1889-இல் பிரிட்டனில் செய்யப்பட்டன. பிறகு மலையில் உள்ள திண்டாரியா பணிமனையிலும் நம் தொழிலாளர்களே சில எஞ்சின்களைச் செய்தார்கள். இன்று டீசல் எஞ்சின்களும் அங்கே ஓடுகின்றன.

இந்த நீராவி எஞ்சினை மரத்திலும் அட்டையிலும் சிறிதாகச் செய்து வைப்பவர்கள் உண்டு. இதை மாதிரி எஞ்சின் என்பார்கள். உருவம் செய்வது பாதி வேலை. வண்ணம் பூசுவது மீதிப் பாதி. அதை எப்படிச் செய்வது? பார்ப்போம்.

முதலில் கணக்கு

ஓர் அடியை அரை அங்குலமாகக் குறைத்துக்கொள்வோம். அப்போது 2 அடிப் பாதை 1 அங்குலம் ஆகும். ஐந்தரை அடி உயரமுள்ள மனிதர் இரண்டே முக்கால் அங்குலம் ஆவார். எல்லாவற்றையும் இதே கணக்கில் குறைக்க வேண்டும். ஒன்று தவறினாலும் எஞ்சின் கோணலாகத் தெரியும்.

பிறகு பார்வை

உண்மையான எஞ்சினின் படங்களைச் சேர்த்து வையுங்கள். முன்பக்கம், இடப்பக்கம், வலப்பக்கம் மூன்றும் வேண்டும். தில்லி தேசிய ரயில் அருங்காட்சியகத்திலும் டார்ஜிலிங் எஞ்சின் ஒன்று இருக்கிறது. எந்த இடத்தில் என்ன நிறம்? எண் எங்கே இருக்கிறது? குறித்துக்கொள்ளுங்கள். எண்ணில் கவனம் தேவை. ஓர் இலக்கம் மாறினால் அது வேறு எஞ்சின் ஆகிவிடும்.

வண்ணம் பூசும் முறை

1. உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். தூசியைத் துணியால் துடையுங்கள்.

2. சாம்பல் நிறத்தில் முதல் பூச்சு பூசுங்கள். நன்றாகக் காய விடுங்கள்.

3. உடல் பகுதிக்கு நீலம் பூசுங்கள். ஒரே தடவையில் தடிப்பாகப் பூசக் கூடாது. பெயிண்ட் வழிந்துவிடும். மெல்லியதாக இரண்டு தடவை பூசுங்கள்.

4. புகைபோக்கிக்கும் அதன் கீழே உள்ள முன்பகுதிக்கும் கறுப்பு பூசுங்கள்.

5. கடைசியாக, மிகச் சிறிய பிரஷ்ஷால் எண்ணை எழுதுங்கள்.

எச்சரிக்கை: பழைய பெயிண்ட் டப்பாவைப் பயன்படுத்தாதீர்கள். அதில் ஈயம் இருக்கலாம். ஈயம் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். காற்று வரும் இடத்தில் உட்கார்ந்து பூசுங்கள்.

அழுக்கும் வேண்டும்

இப்போது எஞ்சின் புதிதாகப் பளபளக்கும். ஆனால் உழைக்கிற எஞ்சின் அப்படி இருக்குமா? புகைபோக்கியின் வாயில் கரி படியும். சக்கரத்தோடு ஆடும் கம்பிகளில் எண்ணெய் கசியும். தண்ணீர் ஊற்றும் இடத்தின் கீழே வெள்ளைக் கோடு விழும். ஒவ்வொரு கறைக்கும் ஒரு காரணம் உண்டு. காரணம் இல்லாத இடத்தில் கறை வைக்காதீர்கள்.

கறை வைப்பது எளிது. பிரஷ்ஷைக் கறுப்பில் தோய்த்துப் பழைய துணியில் துடையுங்கள். பிரஷ் ஏறக்குறைய காய்ந்துவிடும். அதை மெதுவாகத் தொட்டு எடுங்கள். அடுப்புக்கரித் தூளையும் லேசாகத் தடவலாம்.

ஆட்களை மறக்காதீர்கள்

எஞ்சினின் முன்னால் இரண்டு பேர் உட்கார்ந்து போவார்கள். மழையிலும் பனியிலும் தண்டவாளம் வழுக்கும். ஏற்றத்தில் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றும். அப்போது இவர்கள் கையால் தண்டவாளத்தில் மணல் தூவுவார்கள். சக்கரம் பிடித்துக்கொள்ளும். ரயில் மேலே ஏறும். இன்னொருவர் மேலே கரிக்குவியல் அருகே இருப்பார். அவர் கரியை உடைத்துப் பின்னால் தருவார். டிரைவரும் நெருப்பைக் கவனிப்பவரும் உள்ளே இருப்பார்கள்.

ஆக, ஒரு சின்ன எஞ்சினுக்கு ஐந்து பேரின் உழைப்பு. உங்கள் மாதிரியில் அந்த ஐந்து பேரையும் வையுங்கள். முன்னால் இருப்பவர்கள் கையில் கொஞ்சம் மணலும் ஒட்டுங்கள். எஞ்சினை எல்லோரும் பார்ப்பார்கள். மலை ஏற வைத்த கைகளைப் பலரும் பார்ப்பதில்லை. நாளை நீராவி எஞ்சின் ஓடாமல் போகலாம். அப்போது அந்தக் கைகளைப் பற்றி நம் பிள்ளைகளுக்கு இந்த மாதிரி சொல்லும்.

செய்து பாருங்கள்

1. 6 அடி உயரமுள்ளவர் மாதிரியில் எத்தனை அங்குலம் இருப்பார்?

2. தண்டவாளத்தில் மணல் தூவுவது ஏன்?

3. உங்கள் ஊரில் உழைக்கும் வண்டி ஒன்றைப் பாருங்கள். அதில் எங்கே கறை இருக்கிறது? ஏன்? ஐந்து வரி எழுதுங்கள்.