ஒன்பது மாதமும் முப்பத்திரண்டு நிமிடமும்

விளையாட்டு என்றால் எமது வீடுகளில் கிரிக்கெட்தான். அதற்கு அடுத்தபடியாக உதைபந்தாட்டம். நீருக்குள் பந்தாடும் வோட்டர் போலோ கொழும்பிலுள்ள சில பாடசாலைகளில் விளையாடப்படுகின்றபோதும், ஐரோப்பாவில் அதற்கென்றே ஒரு சம்பியன்ஸ் லீக் நடப்பதை நம்மில் பலர் அறிந்திருக்க மாட்டோம். 1963 இல் ஆரம்பமான கழகங்களுக்கான போட்டி அது. பெயர் பலமுறை மாறியிருக்கிறது, கிண்ணத்தின் மதிப்பு மாறவில்லை. அதன் 2017-18 பருவகாலத்தைப் பற்றியே இங்கு எழுதுகிறேன். "சிறந்த அணி என்று யாரைச் சொல்வது?" என்ற கேள்விக்கு என்னை அதிகம் யோசிக்க வைத்த பருவகாலம் அதுதான்.

முதலில் ஆட்டத்தைப் பார்ப்போம். 2017-18 இல் ஓர் அணியில் 13 பேர் இருந்தனர். நீருக்குள் ஒரே நேரத்தில் இறங்குவது கோல் காப்பாளருடன் ஏழு பேர். ஆண்களுக்கான ஆடுகளம் அப்போது 30 மீற்றர் நீளமும் 20 மீற்றர் அகலமும் கொண்டிருந்தது. எட்டு நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள், மொத்தம் 32 நிமிடங்கள். பந்து ஆட்டத்தில் இல்லாதபோது கடிகாரம் நின்றுவிடுவதால் ஓர் ஆட்டம் முடிய ஒரு மணித்தியாலத்துக்கு மேல் செல்லும். தடாகத்தின் தரையில் கால் ஊன்ற முடியாது. பின்னர் எப்படி மார்பு வரை மேலே எழும்பி நிற்கிறார்கள்? கேக் செய்ய முட்டை அடிக்கும் பீட்டரை நினைத்துக்கொள்ளுங்கள். அதன் இரண்டு கம்பிகளும் எதிரெதிர்த் திசைகளில் சுழல்வதுபோல் இரு கால்களும் நீருக்குள் சுழன்றபடியே இருக்கும். கோல் காப்பாளரைத் தவிர வேறெவரும் இரு கைகளாலும் பந்தைப் பிடிக்கக் கூடாது.

எனக்கு மிகவும் பிடித்த விதி இன்னொன்று. பந்தைக் கையில் வைத்திருப்பவரைப் பிடிக்கலாம், இழுக்கலாம், நீரில் அமிழ்த்தவும் செய்யலாம். அவர் பந்தை விட்ட மறுகணமே அதே செயல் குற்றமாகிவிடும்! 2017-18 இல், பெரிய குற்றமென்றால் மத்தியஸ்தர் அந்த வீரரை 20 செக்கன்கள் வெளியேற்றுவது விதியாக இருந்தது. அந்த நேரத்தில் ஆறு பேருக்கு எதிராக ஐந்து பேர் தற்காக்க வேண்டும். பெரும்பாலான ஆட்டங்களின் தலைவிதி இந்தச் சில செக்கன்களில்தான் எழுதப்படுகிறது. மூன்று முறை இவ்வாறு தண்டிக்கப்பட்டவர் அந்த ஆட்டத்துக்குத் திரும்ப முடியாது.

இனி பருவகாலத்துக்கு வருவோம். இலையுதிர் காலத்தில் தகுதிகாண் ஆட்டங்களுடன் தொடங்கி ஜூன் வரை நீளும் பயணம் அது. 2017-18 இல் 16 கழகங்கள் எட்டு எட்டாக இரு குழுக்களில் மோதின. தன் ஊரில் ஒன்று, எதிரணியின் ஊரில் ஒன்று என ஒவ்வொரு கழகத்துக்கும் 14 ஆட்டங்கள். இவற்றுக்கு இடையே தத்தமது நாட்டு லீக் போட்டிகளிலும் விளையாட வேண்டும். பனிக்காலம் முழுவதும் விமானமும் தடாகமுமாகவே கழிந்துவிடும். இறுதியில் எட்டு அணிகள் ஒரே நகரில் கூடி, தோற்றால் வெளியே என்ற முறையில் மூன்று நாட்களில் சம்பியனைத் தீர்மானித்தன. அந்த ஆண்டு அந்த நகரம் இத்தாலியின் ஜெனோவா.

ஜெனோவாவிலிருந்து கடற்கரையோரமாக ஏறக்குறைய 20 கிலோமீற்றர் சென்றால் ரெக்கோ என்ற சிற்றூர் வரும். சனத்தொகை பத்தாயிரம் அளவில்தான். இரண்டாம் உலகப் போரில், ஊரின் குறுக்கே செல்லும் ரயில் பாலத்தைக் குறிவைத்து வீசப்பட்ட குண்டுகளால் இது பெருமளவு தரைமட்டமானது. அந்த ஊரின் புரோ ரெக்கோ கழகம் 1965 இல் முதன்முறையாக ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றது. 2018 இன் தொடக்கத்தில் அதன் கணக்கில் எட்டுக் கிண்ணங்கள் இருந்தன. இத்தாலியிலோ 2006 முதல் அவர்களே ஒவ்வோர் ஆண்டும் சம்பியன். இதில் பணத்துக்கும் பங்குண்டு. ரெக்கோவில் பிறந்து நைஜீரியாவில் வர்த்தகம் செய்து செல்வந்தரான கப்ரியேலே வொல்பியின் ஆதரவால் சேர்பியாவின் பிலிப் பிலிப்போவிச் போன்ற பெரும் நட்சத்திரங்கள் அங்கே வந்து சேர்ந்தார்கள்.

அப்படியிருந்தும் 2015 க்குப் பிறகு ஐரோப்பியக் கிண்ணம் அவர்களுக்குக் கிட்டவில்லை. 2016 இல் குரோஷியாவின் யூக், 2017 இல் ஹங்கேரியின் சொல்னொக் என்று வேறு கழகங்களே வென்றன. 2018 இல் இறுதிச் சுற்று வீட்டு வாசலுக்கே வந்தது. இறுதிப் போட்டிக்கும் தகுதி பெற்றார்கள். எதிரே ஏதென்ஸை அடுத்த பிரேயுஸ் துறைமுக நகரின் ஒலிம்பியாகோஸ்.

9-7. வென்றது ஒலிம்பியாகோஸ்.

2002 இல் ஒலிம்பியாகோஸ் முதன்முறையாகச் சம்பியனானபோதும் நடந்தது இதேதான். அன்று போட்டி நடந்த நகரம் புடாபெஸ்ட், எதிரணி அதே நகரின் ஹொன்வேட், கோல் கணக்கும் அதே 9-7! அடுத்தவர் ஊரில், அடுத்தவர் ஆரவாரத்துக்கு நடுவே வெல்வதை இந்தக் கழகம் ஒரு பழக்கமாக்கிக்கொண்டதோ என்னவோ. நம் கல்லூரி வாசகிகளுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. ஒலிம்பியாகோஸின் பெண்கள் அணி மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 2015 இல், ஐரோப்பியச் சம்பியனாகியிருந்தது. ஆகவே இரு பாலாரிலும் இந்தக் கிண்ணங்களை வென்ற முதலாவது கழகம் என்ற பெருமை 2018 இல் அவர்களைச் சேர்ந்தது. வழிகாட்டியவர்கள் பெண்கள்தான். (ஒலிம்பிக்கில் ஆண்கள் 1900 முதலே விளையாட, பெண்களுக்கு அந்த வாய்ப்பு 2000 இல்தான் கிடைத்தது என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.)

ஒன்பது மாதப் பயணத்தை 32 நிமிடங்கள் தீர்மானிப்பது நியாயமா? உயர்தரம் படிக்கும் எங்களுக்கு இது வெறும் விளையாட்டுக் கேள்வி அல்ல. இரண்டு வருடங்கள் படித்ததை மூன்று மணித்தியால வினாத்தாளில் காட்ட வேண்டியவர்கள் நாங்கள். அன்று காய்ச்சல் வந்தாலும், தூக்கம் வராமல் போனாலும் வினாத்தாள் காத்திருக்காது. ஒரே நகரில் எட்டு அணிகளையும் கூட்டினால் செலவு குறையும், தொலைக்காட்சிக்கு வசதி, பார்ப்பவர்களுக்கும் விறுவிறுப்பு என்பது உண்மைதான். ஆயினும் ஒரு காலத்தில் இறுதிப் போட்டியே இரண்டு ஆட்டங்களாக, ஒவ்வொரு கழகத்தின் ஊரிலும் ஒன்றாக நடந்து, கோல்கள் கூட்டிப் பார்க்கப்பட்டதுண்டு. தெரிவு செய்யச் சொன்னால் நான் அந்த முறையைத்தான் கேட்பேன். ஒருநாள் தடுமாறியவருக்கு மறுநாள் ஒன்று இருக்கிறதல்லவா?

ஆனால் இந்த முறையால் எப்போதும் பாதிக்கப்பட்டது ரெக்கோதான் என்றும் சொல்ல முடியாது. 2019 இல் ஹங்கேரியின் ஃபெரென்ஸ்வாரோஷ் வென்றது. 2020 இல் கொரோனாவால் பருவகாலம் பாதியிலேயே கைவிடப்பட்டு, சம்பியனே இல்லாமல் போனது. 2021 இல் இத்தாலிய லீக் பட்டத்தை பிரேஷா கழகம் ரெக்கோவிடமிருந்து பறித்தது. சொந்த நாட்டிலேயே முதலிடத்தை இழந்த அதே ஆண்டு ஜூனில், பெல்கிரேடில் நடந்த இறுதிப் போட்டியில் ஃபெரென்ஸ்வாரோஷை 9-6 என வென்று, ஆறு ஆண்டுகளுக்குப் பின் ரெக்கோ ஐரோப்பாவின் சம்பியனானது. 2022 இலும் 2023 இலும் அதே பெல்கிரேடில் கிண்ணம் அவர்களுக்கே கிடைத்தது. வீட்டு வாசலில் நழுவிய கிண்ணத்தை அடுத்தவர் நாட்டில் மூன்று முறை தூக்கினார்கள்.